பயிற்சியாளர் போன பின்: ஒரு கால்பந்துக் கிளப்பிடம் எஞ்சுவது என்ன?

1. கேள்வி

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் உள்ள புத்தலப்பட்டு போன்ற ஊர்களில் விளையாட்டு என்பது பள்ளி மைதானத்தையும் பி.டி. மாஸ்டரையும் நம்பியே இருக்கிறது. ஆர்வமுள்ள மாஸ்டர் ஒருவர் வருகிறார். மாலை மணி அடித்த பிறகும் பையன்களை நிறுத்திவைத்துப் பழக்குகிறார். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓர் அணி உருவாகிறது. பிறகு மாற்றல் உத்தரவு வருகிறது. அடுத்த ஆண்டு அந்த அணி இருப்பதில்லை. "மாஸ்டர் போயிட்டாரு, எல்லாம் போச்சு" என்று ஊர் சொல்லிக்கொள்கிறது.

இந்த வாக்கியத்தையே இந்தியாவின் பெரிய கால்பந்துக் கிளப்புகளைப் பற்றியும் கேட்கிறோம். முன்னாள் வீரர் ஒருவர் பயிற்சியாளராகி, ஒரு கிளப்பை உயரத்துக்குக் கொண்டுபோய், பிறகு இன்னொரு கிளப்புக்குப் போய்விட்டால் பழைய கிளப்பின் ரசிகர்கள் அதைத் துரோகம் என்கிறார்கள். புதிய கிளப்பின் ரசிகர்கள் மீட்பர் வந்துவிட்டார் என்கிறார்கள். அவர் போகும்போது உண்மையில் எது போகிறது, எது தங்குகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இதற்கு முதன்மைச் சான்றாக 2017இல் ஐஸ்வால் கிளப்பிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போன காலித் ஜமீலை எடுத்துக்கொள்கிறேன். கொல்கத்தாவின் 1976, ஹைதராபாத்தின் இரண்டு காலங்கள், கோயம்புத்தூரின் ஒரு கோப்பை ஆகியவை ஒப்பீட்டுக்கு வருகின்றன. ஒரு பயிற்சியாளரின் போக்கு அவருடைய விசுவாசத்தைப் பற்றிச் சொல்வது குறைவு. அவர் விட்டுப்போகும் கிளப்பின் அடித்தளத்தைப் பற்றிச் சொல்வதே அதிகம் என்பது என் வாதம்.

2. இதுவரையிலான மூன்று பார்வைகள்

முதலாவது விசுவாசப் பார்வை. கிளப்பைக் குடும்பமாகவும் பயிற்சியாளரைக் குடும்பத் தலைவராகவும் இது காண்கிறது. ஆகவே பிரிவு என்பது அறப்பிழை ஆகிறது. உணர்வாக இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் நான்கு தோல்விக்குப் பிறகு அதே பயிற்சியாளரைக் கிளப் வெளியேற்றும்போது இந்தக் குடும்பச் சொல் காணாமல் போய்விடுகிறது.

இரண்டாவது தொழிலாளர் பார்வை. பயிற்சியாளரும் உழைத்துப் பிழைப்பவர். நல்ல கூலியும் பெரிய களமும் கிடைக்குமிடத்துக்குப் போவது அவர் உரிமை. தமிழ்க் கால்பந்துக்காரர்களின் வரலாறே இப்படிப் பெயர்ந்தவர்களின் வரலாறுதான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய சைமன் சுந்தர்ராஜ், 1973இல் கேரளம் முதல்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளராக இருந்தார். அவர் எல்லை தாண்டியதை யாரும் குற்றமாகக் கருதவில்லை.

மூன்றாவது புள்ளிவிவரப் பார்வை. நெதர்லாந்து முதல்நிலை லீக்கின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வேல், பயிற்சியாளரை மாற்றிய அணிகளும் அதேபோன்ற சரிவில் இருந்தும் மாற்றாத அணிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் மீண்டதாக 2011இல் எழுதினார். சைமன் கூப்பரும் ஸ்டீபன் ஷிமான்ஸ்கியும் வீரர்களின் சம்பளச் செலவே அணியின் இடத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்று வாதிட்டார்கள். இவர்கள் கணக்குப்படி பயிற்சியாளரின் பங்கை நாம் மிகைப்படுத்துகிறோம்.

மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் முதல் இரண்டும் போகிறவரையே பார்க்கின்றன. மூன்றாவது, நிலைபெற்ற ஐரோப்பியக் கிளப்புகளின் தரவிலிருந்து எழுந்தது. அங்கே பயிற்சியாளர் போனாலும் மைதானமும் இளையோர் பள்ளியும் வீரர் தேர்வுக் குழுவும் சம்பளப் பட்டியலும் அப்படியே இருக்கின்றன. இங்கே அவை இருக்கின்றனவா என்று கேட்காமல் அந்த முடிவை இறக்குமதி செய்ய முடியாது.

3. முன்னுதாரணம்: 1976, கொல்கத்தா

பி.கே. என்று நாடே அறிந்த பிரதீப் குமார் பானர்ஜி ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதிப் போட்டியில் கோல் அடித்துத் தங்கம் வென்றவர். 1972இல் ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளரானார். அந்தக் கிளப் 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு முறை கொல்கத்தா லீக்கை வென்றது. அதில் கடைசி நான்கு ஆண்டுகள் அவருடையவை. 1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று வீழ்த்தியது அந்தக் காலத்தின் உச்சம்.

அடுத்த ஆண்டே அவர் மோகன் பகானுக்குப் போனார். 1976 லீக் போட்டியில் தமிழ்ப்பெயர் தாங்கிய உலகநாதன் பக்கவாட்டிலிருந்து உயர்த்தி அனுப்பிய பந்தை, ஹைதராபாத்துக்காரர் முகமது அக்பர் 17ஆவது நொடியில் தலையால் முட்டி ஈஸ்ட் பெங்கால் வலைக்குள் தள்ளினார். லீக்கும் மோகன் பகானுக்கே கிடைத்தது. இதோடு நிறுத்திக்கொண்டால், வெற்றியைப் பி.கே. பெட்டியில் வைத்து எடுத்துப்போனார் என்றே தோன்றும்.

1977 வேறு கதை சொல்கிறது. அமல் தத்தாவின் பயிற்சியில் ஈஸ்ட் பெங்கால், பி.கே.யின் மோகன் பகானை 2-0 என்று வென்று லீக்கை மீட்டது. மோகன் பகான் அதே ஆண்டில் ஷீல்டு, ரோவர்ஸ், டுராண்ட் மூன்றையும் வென்றதுடன், பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் ஈடன் கார்டனில் 2-2 என்று சமன் செய்தது. பி.கே.யின் வருகை மோகன் பகானை உயர்த்தியது. அவர் பிரிவு ஈஸ்ட் பெங்காலைச் சாய்க்கவில்லை. 1980இல் வீரர்கள் பலர் ஒரேயடியாக முகமதன் ஸ்போர்ட்டிங் பக்கம் போன நெருக்கடியில், ஈஸ்ட் பெங்கால் மறுபடி அழைத்தது பி.கே.யைத்தான். அந்த ஆண்டு ஃபெடரேஷன் கோப்பையை மோகன் பகானுடன் அவர்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

இரண்டு கிளப்புகளும் நிமிர்ந்து நின்றதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. பத்தாயிரக்கணக்கில் திரளும் ரசிகர்கள், உறுப்பினர் சந்தா, ஆண்டுதோறும் தவறாத லீக், வீரர்களுக்கு ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை என்று அன்றைய கொல்கத்தாவில் ஒரு முழு ஏற்பாடு இருந்தது. பி.கே.யே கிழக்கு ரயில்வேயில் வளர்ந்தவர். அந்த ஏற்பாட்டுக்குள் பயிற்சியாளர் இடம் மாறினார், ஏற்பாடு மாறவில்லை.

4. முதன்மைச் சான்று: 2017, ஐஸ்வால்

காலித் ஜமீல் 1977இல் குவைத்தில் பிறந்தவர். மகிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா, மும்பை எஃப்.சி. அணிகளின் நடுக்கள வீரர், இந்தியாவுக்கும் ஆடியவர். 2009இல் மும்பை எஃப்.சி.யின் பயிற்சிப் பொறுப்பை ஏற்று ஏழு ஆண்டுகள் இருந்தார். 2016இல் அங்கிருந்து வெளியேறினார். அதற்கடுத்த பருவத்தில் மும்பை எஃப்.சி. அன்றைய தேசிய லீக்கான ஐ-லீக்கின் கடைசி இடத்தில் முடிந்தது. அதன்பின் அந்த லீக்குக்குத் திரும்பவேயில்லை.

ஜமீல் போய்ச்சேர்ந்த ஐஸ்வாலின் நிலையும் சொல்லும்படி இல்லை. 2015-16 பருவத்தில் ஐ-லீக்கிலிருந்து தகுதியிறக்கம் பெற்றிருந்தது. கோவாவின் கிளப்புகள் விலகியதால் இடம் காலியாகி, திரும்பச் சேர்க்கப்பட்டது. அந்த அணிதான் 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் லஜோங்குடன் 1-1 என்று சமன்செய்து, 18 ஆட்டங்களில் 37 புள்ளிகளுடன் இந்தியச் சாம்பியன் ஆனது. மோகன் பகான் 36 புள்ளியில் நின்றது. வடகிழக்கிலிருந்து ஒரு கிளப் தேசிய லீக்கை வெல்வது அதுவே முதல்முறை.

சில வாரங்களில் ஜமீல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். தேசிய லீக் பட்டத்துக்காக 2004 முதல் காத்திருந்த கிளப் அது. சிரியா வீரர் மஹ்மூத் அல் அம்னாவும், மிசோ வீரர்கள் லால்ராம்சுல்லோவா, பிரண்டன் வன்லால்ரெம்டிகா ஆகியோரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கோல் காவலர் அல்பினோ கோம்ஸ், அஷுதோஷ் மேத்தா, ஜயேஷ் ராணே ஆகியோரை இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐஎஸ்எல்) கிளப்புகள் கொண்டுபோயின.

அடுத்த பருவத்தின் கணக்கு இது. ஐஸ்வால் 37 புள்ளியிலிருந்து 24க்கு இறங்கி ஐந்தாம் இடம் பெற்றது. ஈஸ்ட் பெங்கால் முந்தைய பருவத்தில் 33 புள்ளியுடன் மூன்றாம் இடம்; ஜமீலின் கீழ் 31 புள்ளியுடன் நான்காம் இடம். கொல்கத்தா லீக்கைத் தொடர்ந்து எட்டாம் ஆண்டாக வென்றுகொடுத்தார். தேசிய லீக்கிலும் கடைசி நாள்வரை அணியைப் போட்டியில் வைத்திருந்தார். பட்டம் மட்டும் வரவில்லை. அந்தப் பருவத்தோடு அவரும் வெளியேறினார்.

5. சான்றுகளை எடைபோடுதல்

மேலோட்டமாகப் பார்த்தால் ஐஸ்வாலின் 13 புள்ளி இழப்பை ஜமீலின் கணக்கில் எழுதிவிடலாம். மூன்று காரணங்களால் அது பிழை.

முதலாவது, பயிற்சியாளரும் முக்கிய வீரர்களும் ஒரே கோடையில் போனார்கள். சரிவில் அவர் பங்கு எவ்வளவு, அவர்கள் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழியில்லை. மேத்தாவும் ராணேயும் மும்பை எஃப்.சி.யில் ஜமீலிடம் ஆடிவிட்டு ஐஸ்வாலுக்கு வந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் தன் அறிவோடு தன்னை நம்பும் வீரர்களையும் கொண்டுவருகிறார். போகும்போது அவர்களுள் சிலரையேனும் கொண்டுபோகிறார். அவருடைய மூலதனத்தில் ஆட்ட வியூகம் பாதி என்றால் இந்த நம்பிக்கை மறுபாதி.

இரண்டாவது, 37 புள்ளி என்பதே ஐஸ்வாலின் வழக்கமான உயரம் அன்று. அசாதாரணமான ஓர் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, யார் பயிற்சியாளராக இருந்தாலும், சராசரியை நோக்கி இறங்கவே வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, ஈஸ்ட் பெங்காலின் கணக்கு. வெற்றி முழுவதும் ஜமீலிடம் இருந்திருந்தால் அதிகச் செல்வமும் அதிக ரசிகர்களும் உள்ள கிளப்பில் அது பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை. ஐஸ்வாலில் எதிர்பார்ப்பு குறைவு. எதிரணியை இறுக்கி, பந்து பறித்ததும் பாயும் அவருடைய ஆட்டமுறைக்கு அந்தச் சூழல் பொருந்தியது. கொல்கத்தாவில் ஒவ்வொரு சமனும் விசாரணைக்குள்ளானது.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது ஐஸ்வாலில் தங்கியது எது என்பது. மிசோரம் பிரீமியர் லீக் 2012இல் தொடங்கி, உள்ளூர் தொலைக்காட்சியின் ஆதரவோடு தவறாமல் நடந்துவந்தது. 2014இல் மிசோரம் சந்தோஷ் கோப்பையை வென்றது. வார்டுதோறும் பந்து உதைக்கும் பிள்ளைகள், மலைச்சரிவு நிறைய அமர்ந்து பார்க்கும் ஊர், தன் லீக்கைத் தானே நடத்தத் தெரிந்த சங்கம் ஆகியவை ஜமீலுக்கு முன்பே இருந்தன. அவருக்குப் பின்னும் இருந்தன. ஆகவே ஐஸ்வால் இறங்கியது, ஆனால் இல்லாமல் போகவில்லை. அடுத்தடுத்த பருவங்களிலும் ஐ-லீக்கில் தொடர்ந்து ஆடியது.

அதே மனிதர் விட்டுவந்த மும்பை எஃப்.சி. மறைந்தது, ஐஸ்வால் நிலைத்தது. பயிற்சியாளர் ஒருவரே. வேறுபட்டது அவர் காலடியில் இருந்த நிலம்.

6. ஹைதராபாத்: போகாதவரும் போனவரும்

புத்தலப்பட்டுக்காரருக்கு 2014 வரை மாநிலத் தலைநகராக இருந்த ஹைதராபாத், இந்தக் கேள்விக்கு இரு முனைகளிலிருந்தும் சான்று தருகிறது.

சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியர். தாமும் ஆடியவர். 1943இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கச் செயலாளராகி, 1950 முதல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியைப் பழக்கினார். அந்த அணி 1950 முதல் 1954 வரை ஐந்து முறை தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்தியா 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றதும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றதும் அவர் பயிற்சியில். செகந்திராபாத்தின் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் அவர் பட்டை தீட்டிய வீரர்களுள் ஒருவர். ரஹீம் தம் ஊரை விட்டு வேறு கிளப்பைத் தேடிப் போகவில்லை. 1963 ஜூனில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அவருக்குப் பின் ஹைதராபாத் கால்பந்து அந்தப் பழைய உயரத்தை எட்டவில்லை.

விசுவாசப் பார்வைக்கு இது கடினமான சான்று. போகாதவரும் ஒருநாள் போகத்தான் போகிறார். அவர் அறிவை வாங்கிவைக்க ஒரு நிறுவனம் இல்லையென்றால், வாழ்நாள் விசுவாசமும் வாழ்நாள் அளவே பயன்படும்.

மறுமுனையில் மனோலோ மார்க்கேஸ். இந்த ஸ்பெயின்காரர் ஹைதராபாத் எஃப்.சி.யை 2022 மார்ச்சில் ஐஎஸ்எல் கோப்பைக்கும், 2022-23இல் லீக் அட்டவணையின் இரண்டாம் இடத்துக்கும் கொண்டுசென்றார். 2023இல் எஃப்.சி. கோவாவுக்குப் போனார். அடுத்த பருவத்தில் ஹைதராபாத் 22 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, மொத்தம் 8 புள்ளி என்று கடைசி இடத்தில் முடிந்தது. மனோலோ போனதால் விழுந்தது என்று சொல்வது எளிது. ஆனால் வீரர்களுக்குச் சம்பளப் பாக்கி, அதன் விளைவாகப் புதிய வீரர்களைப் பதிவுசெய்யத் தடை, பருவத்தின் நடுவிலேயே வெளியேறிய வெளிநாட்டு வீரர்கள் என்று கிளப் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்தது. எஞ்சிய இளைஞர்களை வைத்துக்கொண்டு தாங்போய் சிங்டோ பருவத்தை ஓட்டினார். 2025இல் அந்தக் கிளப்பே டெல்லிக்குப் பெயர்ந்துவிட்டது. பயிற்சியாளரின் பிரிவு இங்கே காரணமாக அமையவில்லை. உள்ளே நடந்துகொண்டிருந்த சிதைவின் முதல் அடையாளமாக அமைந்தது.

கோயம்புத்தூரின் கதையும் இதற்கு உறவு. சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பழக்கிய சென்னை சிட்டி, நேரு விளையாட்டரங்கத்தைத் தன் களமாகக் கொண்டு, 2019 மார்ச்சில் 43 புள்ளியுடன் ஐ-லீக்கை வென்றது. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்கும், கோல்களைக் குவித்த பெத்ரோ மான்சி ஜப்பானுக்கும் போனார்கள். 2020இல் நவாஸ் விலகினார். பிற்பாடு சிங்கப்பூரின் பாலஸ்டியர் கால்சாவில் பொறுப்பேற்றார். 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டியே இல்லை. தமிழ்நாட்டுக்கு அந்தப் பட்டத்தைக் கொண்டுவந்த கிளப், மூன்றே ஆண்டுகளில் பழைய செய்தியானது. கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களில் இன்றும் பிள்ளைகள் மணலில் ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்துக்கும் ஒரு தேசியக் கோப்பைக்கும் இடையே நிலையான படிக்கட்டு கட்டப்படவில்லை என்பதே நம் வருத்தம்.

7. விதிகளும் பொறுப்பும்

வீரர் கிளப் மாறப் பதிவுக் காலம் உண்டு. ஒப்பந்தம் மீதமிருந்தால் மாற்றுத்தொகை உண்டு. பயிற்சியாளருக்கென்று உலகளாவிய வேலை விதிகளை ஃபிஃபா தன் சட்டத்தில் தனிப் பின்னிணைப்பாகச் சேர்த்தது 2021 ஜனவரியில்தான். எழுத்து ஒப்பந்தம், காரணமின்றி நீக்கினால் இழப்பீடு, சம்பளப் பாக்கிக்குத் தீர்வு ஆகியவை அதில் உள்ளன. பயிற்சியாளரைத் தொழிலாளராக ஏற்பதில் கால்பந்து இவ்வளவு தாமதித்தது.

பணக்கார லீக்குகளில் இழப்பீடு கிளப்பையும் காக்கிறது. 2022 செப்டம்பரில் கிரகாம் பாட்டரை அழைத்துக்கொள்ள செல்சி, பிரைட்டனுக்கு 2 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்ததாகச் செய்திகள் கூறின. அந்தப் பருவ முடிவில் பிரைட்டன் ஆறாம் இடம் பெற்று முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதிபெற்றது. செல்சி பன்னிரண்டாம் இடத்துக்கு இறங்கியது. வீரர்களைத் தேடும் முறையும் அடுத்த பயிற்சியாளர் யார் என்ற திட்டமும் பிரைட்டனின் கையில் இருந்தன. பாட்டரால் அவற்றை எடுத்துச்செல்ல முடியாது.

ஜமீலின் பிற்காலமும் இதையே சொல்கிறது. மோகன் பகான், நார்த்ஈஸ்ட் யுனைடெட் வழியாக 2023 டிசம்பரில் ஜாம்ஷெட்பூருக்கு வந்தார். 2024-25இல் அணியை ஐஎஸ்எல் அரையிறுதிக்கும் சூப்பர் கோப்பை இறுதிக்கும் கொண்டுபோனார். அந்த இறுதியில் அவரை வென்றது மனோலோவின் கோவா. மூன்று மாதத்தில், மனோலோ விட்டுப்போன இந்திய அணியின் பயிற்சியாளர் பதவிக்கு 2025 ஆகஸ்டில் ஜமீல் வந்தார். ஜாம்ஷெட்பூரில் துணையாக இருந்த முன்னாள் இந்திய வீரர் ஸ்டீவன் டயஸ் இடைக்காலப் பொறுப்பை ஏற்றார். 1987 முதல் டாடா கால்பந்துப் பள்ளி இயங்கும் ஊர் அது. அங்கே ஒருவர் எழுந்துபோனால் உட்கார இன்னொருவர் அருகிலேயே இருந்தார்.

8. முடிவு

சான்றுகள் சேர்ந்து சொல்வது இது. பயிற்சியாளர் எடுத்துப்போவது தம் ஆட்ட அறிவையும், தம்மை நம்பும் சில வீரர்களையும். பிள்ளைகளுக்கான லீக், தவறாத சம்பளம், மைதானம், துணைப் பயிற்சியாளர், பதிவேடு ஆகியவற்றை அவர் எடுத்துப்போக முடியாது. அவர் போனதும் ஒரு கிளப்பில் எதுவுமே இல்லையென்றால், அவை முதலிலேயே இல்லை என்று பொருள். போனவரை ஏசுவதால் இந்த உண்மை மறைகிறது. அவற்றை உருவாக்கியிருக்க வேண்டிய உரிமையாளரும் சங்கமும் கேள்வியிலிருந்து தப்பிக்கிறார்கள்.

இந்த வாதத்துக்கும் எல்லை உண்டு. ரஹீம் போன்றவரின் இடத்தை எந்த ஏற்பாடும் முழுமையாக நிரப்பிவிடாது. ஐஸ்வாலுக்கும் ஏற்பாடு மட்டுமே கோப்பையைக் கொடுத்துவிடவில்லை. ஜமீல் வர வேண்டியிருந்தது. தனிமனிதத் திறமையைக் குறைத்து மதிப்பிட இதை எழுதவில்லை. அந்தத் திறமை வீணாகாமல் தங்குவதற்கு என்ன வேண்டும் என்பதே என் அக்கறை.

அதை அறிய கொல்கத்தா வரை போக வேண்டாம். புத்தலப்பட்டு மாதிரி ஊரில் ஒரு பி.டி. மாஸ்டர், எந்தப் பையன் எந்த இடத்தில் ஆடுவான், யாருக்கு இடக்கால் பலம், யாருடைய வீட்டில் காலைச் சாப்பாடு இல்லை என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்து, மூத்த மாணவர் ஒருவரையாவது மாலைப் பயிற்சி நடத்தப் பழக்கிவிட்டால் போதும். மாற்றல் உத்தரவு வரும் நாளில் அந்த நோட்டு தலைமையாசிரியர் மேசையில் இருக்கும். அன்று மாலையும் மைதானத்தில் பந்து உருளும்.